அவிழ்க்க மறந்த முடிச்சு

இரண்டாவது காப்பி வேண்டாம் என்று தம்பி சொன்னான். "அண்ணை, காணும். வெளிக்கிடுவம்." நான்தான் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தொஃபானா மலையில் காலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கப்புச்சீனோ, இன்னொரு துண்டு ஆப்பிள் கேக் என்று அரை மணி நேரம் போனது. அன்று மாலை நாலரை மணிக்கு, மழையில், ஒரு பாறைத் திட்டில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தக் கேக்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இடம், இத்தாலியின் வடகிழக்கில் டோலமைட்ஸ் மலைகளில் இருக்கும் சிங்க்வே தோரி. இத்தாலிய மொழியில் 'ஐந்து கோபுரங்கள்' என்று அர்த்தம். கோர்த்தினா தம்பெட்சோ என்ற ஊரிலிருந்து ஃபால்சாரேகோ கணவாய்க்குப் போகும் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால், புல்சரிவின் மேல் யாரோ பாறைத் தூண்களைக் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனது போலத் தெரியும். பெரியது தோரே கிராந்தே, 2,361 மீட்டர். இது கடல்மட்டத்திலிருந்து. அடியிலிருந்து உச்சிவரை பார்த்தால் நூறு, நூற்றைம்பது மீட்டர் போலத்தான். எதிரே 3,225 மீட்டர் தொஃபானா தி ரோத்செஸ் நிற்கும்போது இதெல்லாம் பொம்மை மாதிரித் தெரியும். அப்படித் தெரிவதுதான் ஆபத்து என்று இப்போது நினைக்கிறேன்.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்குச் சொந்த ஊர் கோவை, வேலை மியூனிக்கில். முப்பத்தைந்து வயதுக்குமேல் பாறை ஏற ஆரம்பித்தவன். ஜெர்மன் ஆல்பைன் கிளப்பின் தால்கிர்ஷன் ஏறுபயிற்சி ஹாலில் வாரம் இரண்டு நாள் தொங்குவேன். அங்கேதான் தம்பியைப் பழக்கம். ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவன், அப்பா அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னைவிட நன்றாக ஏறுவான், என்னைவிடப் பொறுமைசாலி. கடைசி விஷயம் இந்தக் கதைக்கு முக்கியம்.

இந்த இடத்தில் ஏன் இவ்வளவு கூட்டம் என்பது போய் இறங்கிய பத்தாவது நிமிடமே புரிந்துவிடும். சாலையோரம் பாய் தி தோனெஸ் என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு சேர்லிஃப்டில் ஏறினால், 2,255 மீட்டரில் இருக்கும் ஸ்கோயாத்தோலி விடுதி வாசலிலேயே இறக்கிவிடுகிறது. அங்கிருந்து பாறை ஐந்து நிமிட நடை. மலையேற்றக்காரர்கள் வழக்கமாக மூன்று மணி நேரம் நடந்து, வியர்த்து, சபித்துத்தான் பாறையைத் தொடுவார்கள். இங்கே சாப்பாட்டு மேசையிலிருந்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும். மூன்றாம் தரத்திலிருந்து (எண் கூடக் கூடக் கடினம்) மிகக் கடினமானவைவரை எல்லாத் தரத்திலும் பாதைகள் உண்டு. தெற்குப் பக்கம் வெயில். அதனால் குழந்தைகளோடு வரும் குடும்பங்கள், வழிகாட்டிகள், பயிற்சி வகுப்புகள், எங்களைப் போன்ற வாரக்கடைசிக்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறோம்.

ஸ்கோயாத்தோலி என்றால் அணில்கள். 1939இல் கோர்த்தினா இளைஞர்கள் ஆரம்பித்த ஏறுவோர் குழுவுக்கு அந்தப் பெயர். கே2 சிகரத்தில் 1954இல் முதலில் கால்வைத்த இருவரில் ஒருவரான லீனோ லாச்செதெல்லி அந்தக் குழுவைச் சேர்ந்தவர். உள்ளூர்க்காரர்களுக்கு இந்தக் கோபுரங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி.

பாறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஹாலில் கிடைக்காத பாடம். மேலே இருப்பது கெட்டியான டோலமைட், கால்சியமும் மக்னீசியமும் கலந்த கார்பனேட் பாறை. கீழே இருப்பது அவ்வளவு கெட்டியில்லாத, களிமண் கலந்த அடுக்கு. கனமான பீரோவை ஈரத் தரையில் நிறுத்தியது போல. அதனால் கோபுரங்கள் மெதுவாகப் பிளந்து, சாய்ந்து, அவ்வப்போது விழுந்தும் போகின்றன. இங்கே த்ரெஃபோர் என்று ஒரு சின்னக் கோபுரம் இருந்தது; 2004 ஜூன் மாதம் அப்படியே சரிந்துவிட்டது. இன்றைக்கு அங்கே பாறாங்கல் குவியல் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் நடந்தோம். ஏறும்போது சந்தேகமான பிடியைப் பிடிப்பதற்கு முன்னால் முஷ்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். சந்தையில் பானையைத் தட்டி வாங்குவோமே, அதே காதுதான். 'டங்' என்றால் சரி. 'டொக்' என்றால் அதை விட்டுவிட்டு வேறு பிடி தேடுங்கள்.

முதல் நாள் சின்னதாக ஆரம்பித்தோம். ஐந்தாவது கோபுரம், தோரே இங்கிளேசே. நான்காம் தரத்தை ஒட்டிய சாதாரணப் பாதை. ஹாலில் அதைவிடக் கடினமான 6ஏ தரம் ஏறுகிறவனுக்கு இது ஒன்றுமேயில்லை என்று நினைத்துக்கொண்டு கையை வைத்தேன். வழுக்கியது. நூறு வருடங்களாக ஆயிரக்கணக்கானவர்கள் காலை வைத்த அதே இடத்தில் காலை வைத்து, பாறை ஆட்டுக்கல்லின் உள்பக்கம் போல வழவழத்துப் போயிருக்கிறது. புகழ்பெற்ற பாதைகளில் தாளில் எழுதியிருக்கும் தரத்தை நம்பாதீர்கள். இன்னும் அரைத் தரம் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, அசிங்கமாகத் தெரியும் சொரசொரப்பில் காலை வைத்தால் பல சமயம் நன்றாகப் பிடிக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிட்ச், அதாவது ஒரு கயிற்று நீள ஏற்றம், முழுதும் ஆனது.

அன்று நடந்த இன்னொரு விஷயத்தை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. மலையில் முன்னால் ஏறுகிறவன் மேலே தன்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான், கீழே இருப்பவன் பிலே கருவியிலிருந்து (விழுந்தால் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது) கயிற்றை எடுக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, கத்தித்தான் சொல்ல வேண்டும். சுற்றிலும் இத்தாலியர்கள் "மோல்லா!" "ரெக்குபெரா!" "வியேனி!" என்று கத்துகிறார்கள், ஜெர்மன்காரர்கள் "ஷ்டாண்ட்!" என்கிறார்கள். யாருடைய கத்தல் யாருக்கு என்றே தெரியாது. நாம் தமிழில் கத்துவோம், இங்கே வேறு யாருக்கும் புரியாது, குழப்பமே வராது என்று நான் பெருமையாகச் சொன்னேன். தம்பியும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

பிட்ச் முடிவில் கட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்கு 'நிலை' என்று பெயர். அந்த நிலைக்கு இரண்டு மீட்டர் கீழே, குவிக்டிராவில் (ஆணியில் கயிற்றைக் கோக்கும் இரட்டைக் கொக்கி) மாட்டக் கயிறு போதவில்லை. "விடு!" என்று கத்தினேன். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்து என்று எனக்கு அர்த்தம். தம்பிக்கு அது "என்னை விடு, நான் கட்டிக்கொண்டுவிட்டேன்" என்று கேட்டிருக்கிறது. சமர்த்தாகக் கருவியிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டான். நான் அந்த இரண்டு மீட்டரையும் யாரும் பிடிக்காத கயிறோடு ஏறினேன். சுலபமான இடம், ஒன்றும் ஆகவில்லை. மேலே வந்து சேர்ந்ததும் அவன், "சட்டெண்டு விடச் சொன்னீங்களே, ஆணி அவ்வளவு கிட்டவா இருந்தது?" என்று சாதாரணமாகக் கேட்டான். எனக்கு முழங்கால் நடுங்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அன்று இரவு விடுதியில் காசுன்ஸியேய் சாப்பிட்டுக்கொண்டே சொற்களை உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். பீட்ரூட் வைத்து மடித்து, உருக்கிய வெண்ணெயும் கசகசாவும் தூவிய உள்ளூர்ப் பாஸ்தா அது. நம் ஊர்க் கசகசாவை இந்த ஆட்கள் இப்படிச் செலவழிக்கிறார்களே என்று தோன்றும், ஆனால் ருசி. சரி, சொற்கள். கயிறு வேண்டுமென்றால் "தளர்த்து". பிடிக்க வேண்டுமென்றால் "இறுக்கு". கட்டிக்கொண்டால் "கட்டியாச்சு". கீழே இருப்பவன் "எடுத்தாச்சு" என்று பதில் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. "விடு" என்ற சொல்லையே தடை செய்தோம். இதில் ஒன்றோடொன்று ஒலி ஒத்துப்போகும் சொல் கிடையாது, இரண்டு அர்த்தம் வரும் சொல்லும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஆளின் பெயர். எந்த மொழியில் வேண்டுமானாலும் கத்துங்கள், ஆனால் முந்தின நாளே தரையில் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். ஒரே மொழிக்காரர்கள் என்பதால் ஒரே அர்த்தத்தில் பேசுகிறோம் என்று நினைத்த என் மண்டையைத் தம்பி இன்றைக்கும் விடவில்லை.

மறுநாள்தான் கேக் தின்ற நாள். திட்டம், தோரே கிராந்தேயின் தெற்குச் சுவரில் இருக்கும் மிரியம் பாதை. மிரியம் ஓ'பிரையன் என்ற அமெரிக்கப் பெண் 1927இல் உள்ளூர் வழிகாட்டிகளோடு முதன்முதலாக ஏறிய பாதை. அவர் பெயரே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஆண் துணையே இல்லாமல் பெண்கள் மட்டும் முன்னால் ஏறும் ஏற்றங்களை ஆல்ப்ஸில் செய்து காட்டியவர். தரம் 5+ வரை. சணல் கயிறும் அந்தக் காலத்துச் செருப்புமாக இதை எப்படி ஏறினார்கள் என்று பாதியில் தொங்கும்போது பல தடவை யோசித்தேன்.

எட்டு மணிக்குப் பாறையடியில் இருக்க வேண்டும் என்று முந்தின நாள் பேசியிருந்தோம். போய்ச் சேர்ந்தது ஒன்பதரை. முதல் லிஃப்டில் வந்தவர்கள் அதற்குள் வரிசையில் நின்றார்கள். மூன்று ஜோடிகள் எங்களுக்கு முன்னால். ஒரு மணி நேரத்துக்கு மேல் கீழேயே நின்றோம். ரேஷன் கடை வரிசையாவது நகரும்.

நின்ற நேரத்தில் சுற்றிப் பார்க்க விஷயம் இருந்தது. காலடியிலேயே முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள். 1915 மே மாத இறுதியில் இத்தாலியப் படை, அப்போது ஆஸ்திரியாவிடம் இருந்த கோர்த்தினாவைப் பிடித்தது. 1917 இலையுதிர்காலத்தில் பின்வாங்கும்வரை இந்தக் கோபுரங்களின் நிழலில் பீரங்கித் தலைமையிடம் இருந்தது. எதிரே லகசுவோய் மலைப் பக்கம் ஆஸ்திரியர்கள். இப்போது குழிகளையும் மரத்தடுப்புகளையும் சீர்செய்து திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ளே ஓடுகிறார்கள். ஓடுகிற இடம் ஏறுகிறவர்களுக்கு நேர்கீழே வருகிறது என்பதுதான் சிக்கல். நாங்கள் நிற்கும்போதே மேலே யாரோ "சாஸ்ஸோ!" என்று அலறினார்கள். கல் என்று அர்த்தம். டென்னிஸ் பந்து அளவில் ஒன்று சுவரில் மோதி, திசை மாறி, எங்களுக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் புதைந்தது. நான் அப்போது ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கூட்டமான பாறையில் கல்லைத் தள்ளிவிடுவது பெரும்பாலும் மனிதக் காலும் இழுபடும் கயிறும்தான். ஆகவே ஹெல்மெட்டைப் போட வேண்டிய இடம் பாறையடிக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. காத்திருப்பது என்றால் வரிசைக்கு நேர்கீழே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். கல் வரும் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்காதீர்கள், சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அழகான பாதை. ஆரம்பத்திலேயே கைகளைப் பிழிந்துவிடும் செங்குத்து, அப்புறம் நல்ல பிடிகள், நடுநடுவே பாறையில் அடித்த பழைய பிட்டன் ஆணிகள். நிலைகளில் நங்கூரம் (நம்மைக் கட்டிக்கொள்ளும் ஆணி, வளையம்) திடமாக இருந்தது. நடுவில் பாதுகாப்பு தூரம் தூரமாக வரும் இடங்களில் நாங்களே பிளவுக்குள் விரிந்து பிடிக்கும் கேம் கருவியை வைத்தோம், பாறையில் இயற்கையாக இருக்கும் துளைகளில் ஸ்லிங் என்ற நாடா வளையத்தைக் கோத்தோம். துருப்பிடித்த பிட்டனை நம்புவதா வேண்டாமா என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: மாட்டிக்கொள், ஆனால் அது இல்லை என்று நினைத்து ஏறு.

எங்களுக்கு நேர்முன்னால் ஓர் இத்தாலியத் தம்பதி. அறுபது வயதைத் தாண்டியவர்கள். அந்த அம்மாள்தான் முன்னால் ஏறினார், கணவர் பின்னால். அவசரம் என்ற சொல்லே தெரியாதவர்கள் போல ஒவ்வொரு நிலையிலும் கயிற்றை வளையம் வளையமாக மடித்து, தண்ணீர் குடித்து, ஏதோ பேசிச் சிரித்து, பிறகு ஏறினார்கள். பின்னால் தொங்கும் எனக்கு வயிறு எரிந்தது. வெனெட்டோ வட்டார வானிலை அறிக்கையில் பிற்பகல் இடிமழைக்கு வாய்ப்பு என்று போட்டிருந்தது. கோடையில் டோலமைட்ஸில் அது அன்றாடக் கதை: காலையில் நீலவானம், பகலில் பஞ்சு, மூன்று மணிக்குக் கருப்பு. தவிர கடைசி லிஃப்ட் ஐந்து மணிக்கு. நான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாவது நிலையில் பொறுக்க முடியாமல், முந்திப் போகலாமா என்று சைகையும் அரைகுறை இத்தாலியமுமாகக் கேட்டேன். கணவர் மனைவியைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார். அதைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன். தம்பி மெதுவாக, "அண்ணை, அவை ஓமெண்டு சொல்லேல்லை," என்றான். நான் ஏறிவிட்டேன். என் கயிறு அவர்களுடைய கயிற்றுக்குமேல் குறுக்கே விழுந்தது. அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல், தன் காரபைனர் கொக்கியில் சிக்கியிருந்த என் கயிற்றை இரண்டு விரலால் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். சாம்பாரில் விழுந்த முடியை எடுத்துப்போடுவது போல. அதை நான் பார்த்தேன். பார்த்தும் போனேன்.

முந்துவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. நிலையில் மட்டும் கேட்க வேண்டும், பிட்ச் நடுவில் கூடாது. வாயால் சரி என்று பதில் வர வேண்டும். முந்துகிறவன் உண்மையிலேயே வேகமானவனாக இருக்க வேண்டும். நான் முந்திப் போன இடத்திலேயே ஒரு பிடியில் ஐந்து நிமிடம் நின்று யோசித்தேன், அவர்கள் கீழே காத்திருந்தார்கள். அதில் எனக்கு மிச்சமானது மொத்தம் இருபது நிமிடம் இருக்கும்.

உச்சியில் நின்று ஒரே ஒரு படம் எடுத்தோம். மர்மோலாதா மலைப் பக்கம் வானம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தோரே கிராந்தேயின் தலை மூன்றாகப் பிளந்தது; நடுவே இருக்கும் பிளவுக்குள் கயிற்றில் ராப்பல் செய்து இறங்கி, திட்டிலிருந்து மறுபடி இறங்கிக் கீழே போக வேண்டும். எங்களிடம் 60 மீட்டரில் இரண்டு மெல்லிய கயிறுகள். முதல் இறக்கம் 25 மீட்டர் அளவுதான், ஒரு கயிறே போதும். நங்கூர வளையத்தில் கோத்து, கயிற்றின் நடுக்குறியை வளையத்தில் நிறுத்தி, இரண்டு நுனியிலும் தடுப்பு முடிச்சு போட்டுக் கீழே எறிந்தோம். இந்த முடிச்சு எதற்கென்றால், கயிறு தீர்ந்தது தெரியாமல் நுனியைத் தாண்டி வழுக்கிப் போய் விழாமல் இருக்க. அனுபவசாலிகளே அப்படி விழுந்து இறந்திருக்கிறார்கள். ஆகவே முடிச்சு கட்டாயம். இறங்கும் கருவிக்குக் கீழே, கயிற்றைச் சுற்றி இறுக்கும் சின்னக் கயிறான ஒரு பிரூசிக்கும் கட்டாயம், கை நழுவினாலும் அது பிடிக்கும்.

தம்பி முதலில் இறங்கினான். பின்னால் நான். திட்டில் கால் வைத்தபோது முதல் இடி. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினேன்: பன்னிரண்டு விநாடி. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் நான்கு கிலோமீட்டர் தூரம். பெரிய சொட்டுகள் விழ ஆரம்பித்தன. தம்பி அடுத்த நங்கூரத்தைப் பார்க்கத் திட்டின் ஓரத்துக்குப் போயிருந்தான். நான் கைக்குக் கிடைத்த நுனியின் முடிச்சை அவிழ்த்தேன், அந்த நுனியையே பிடித்து இழுக்க ஆரம்பித்தேன். கயிறு வெண்ணெய் மாதிரி வந்தது. சந்தோஷமாக இழுத்தேன். எதிர்ப்பக்கக் கயிறு கல்லிடுக்கிலிருந்து சரசரவென்று மேலே போனது. அதன் நுனி என் தலையைத் தாண்டியபோதுதான் பார்த்தேன். கொழுக்கட்டை போல ஒரு முடிச்சு அதில் ஆடிக்கொண்டே மேலே போகிறது.

எட்டிப் பிடிக்க முடியவில்லை. நான்கு மீட்டர் உயரம். இந்தப் பக்கக் கயிற்றை இழுத்தால் அது இன்னும் மேலே போகும், விட்டாலும் கீழே வராது. வேறு வழியில்லாமல் இழுத்தேன், முடிச்சு எப்படியாவது வளையத்துக்குள் நுழைந்துவிடாதா என்று. நுழையவில்லை. மேலே எங்கோ 'டொக்' என்று நின்றது.

தம்பி திரும்பி வந்து பார்த்தான்.

"மற்ற நுனியின்ரை முடிச்சை அவிழ்த்தனீங்களோ?"

பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இந்த நிலைமையில் செய்யத் தோன்றும் காரியம் ஒன்று உண்டு. கையில் இருக்கும் கயிற்றில் பிரூசிக் போட்டு அதிலேயே தொங்கி மேலே ஏறுவது. மழை நனைக்கிறது, அவமானம் வேறு, எனக்கு அதைச் செய்யக் கை பரபரத்தது. தம்பி விடவில்லை. முடிச்சு வளையத்தில்தான் நிற்கிறது என்று நமக்குத் தெரியுமா? ஏதோ ஓர் இடுக்கில் லேசாகச் செருகிக்கொண்டு நிற்கிறதென்றால், பாதி உயரத்தில் அது பிடுங்கிக்கொள்ளும். மேல்நுனியைக் கண்ணால் பார்க்காத கயிற்றில் முழு எடையைப் போடுவது தற்கொலைக்குச் சமம் என்று அவன் படித்த வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். நானும் அதே வகுப்பில்தான் படித்தேன்.

மீதி வழிகள்: கையிலிருக்கும் முப்பத்தைந்து மீட்டர் மிச்சக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தம்பி பிலே செய்ய, ஈரப் பாறையில் முறையாக ஏறிப் போய் எடுப்பது. அல்லது மாட்டிய கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு இரண்டாவது கயிற்றில் இறங்கிவிடுவது. அல்லது பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பது. இரண்டாவது கயிறு எங்களிடம் இருந்ததால்தான் இப்படி நிதானமாக எண்ண முடிந்தது. ஒரே கயிறோடு போயிருந்தால் அந்தத் திட்டு எங்களுக்குச் சிறை. அவசர எண்ணான 112ஐ அழைப்பதைப் பற்றியும் பேசினோம். யாருக்கும் அடி இல்லை, குளிரில் விறைக்கவும் இல்லை. வெனெட்டோவில் காயம் இல்லாதவர்களை ஹெலிகாப்டரில் எடுத்தால் பில் வரும். ஆல்பைன் கிளப் உறுப்பினர் அட்டையில் மீட்புக் காப்பீடு இருக்கிறது, ஆனால் மறதிக்கு ஹெலிகாப்டர் கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. நிலைமை முற்றினால் மட்டும் என்று வைத்தோம். போனில் சிக்னல் இல்லாவிட்டால், நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. இது ஆல்ப்ஸ் முழுதும் புரியும் அபாயக் குறி. விசிலை ஹார்னஸிலோ (இடுப்புப் பட்டை) பையின் பட்டையிலோ கட்டி வையுங்கள். என்னுடையது பையின் அடியில், ஈரச் சாக்ஸுக்குக் கீழே இருந்தது.

"பரவாயில்லை அண்ணை, இருப்பம். அவை வருவினம்," என்றான் தம்பி.

அவை என்றது அந்தத் தம்பதியை. காலை முழுதும் யாருடைய மெதுவை நினைத்துப் பல்லைக் கடித்தேனோ, அவர்கள் வரமாட்டார்களா என்று மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மின்னலுக்குப் பயந்து காரபைனர்களை எல்லாம் கழற்றித் தள்ளி வைத்தோம், கயிற்று மூட்டைமேல் குந்தி உட்கார்ந்தோம், மழைச்சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டோம். நல்லவேளை, இடி நெருங்கவில்லை. எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து பதினெட்டானது, பிறகு கேட்கவே இல்லை. முப்பத்தைந்து நிமிடம். திட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் பூச்செடி மழையில் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வோர் இதழும் எனக்கு மனப்பாடம்.

மேலே குரல் கேட்டது. தம்பி கத்தினான், கயிற்றை இரண்டு முறை ஆட்டினான். ஒரு நிமிட அமைதி. அப்புறம் அந்த அம்மாளின் குரல், சிரிப்போடு:

"நோதோ!"

முடிச்சு என்று அர்த்தம். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. "கொர்தா!" (கயிறு!) என்று அடுத்த குரல் வந்ததும் ஒதுங்கினோம், எங்கள் கயிறு ஈரப்பாம்பு மாதிரி சொத்தென்று திட்டில் விழுந்தது.

அவர்கள் இறங்கி வந்ததும் நான் என்னவோ மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கணவர் என் தோளில் தட்டிவிட்டு, தங்கள் கயிற்றை அடுத்த வளையத்தில் கோக்கத் தொடங்கிவிட்டார். நான்கு பேரும் ஒரே கயிற்றில் இறங்குவோம், அதுதான் சீக்கிரம் என்று கையால் காட்டினார். உண்மைதான், கூட்டமான இறக்கங்களில் இரண்டு குழுக்கள் சேர்ந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம். ஒரு குழுவின் கயிறு கீழே வரும்போதே இன்னொன்றை அடுத்த நங்கூரத்தில் தயார் செய்துவிடலாம். காலையிலேயே கேட்டிருந்தால் சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கலாம். எனக்குத்தான் அது தோன்றவில்லை.

கீழே நால்வரும் சேர்ந்த பிறகு, அந்த அம்மாள் இரண்டு நுனிகளையும் தேடி எடுத்தார். இரண்டிலும் முடிச்சை அவிழ்த்தார். பிறகு இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் பார்த்தேன். முடிச்சு இல்லை. அவர் கையை இறக்கவில்லை. நான் வாயைத் திறந்து "சீ" (இத்தாலிய மொழியில் 'ஆம்') என்று சொன்ன பிறகுதான் ஒரு நுனியை விட்டார், மற்றதை இழுக்க ஆரம்பித்தார். இப்போது நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். இழுப்பதற்கு முன்னால் தம்பி கையை நீட்டுவான், நான் இரண்டு நுனியையும் காட்ட வேண்டும், அவன் "ஓம்" என்று சொல்ல வேண்டும். தால்கிர்ஷன் ஹாலில் பயிற்சிக்குச் செய்தாலும் அப்படியே. பக்கத்தில் ஏறுகிறவர்கள் ஏதோ பூஜை என்று நினைக்கிறார்கள்.

லிஃப்ட் நின்றுபோயிருந்தது. பதுங்குகுழிகளுக்கு நடுவே, ஈர மரப்படிகளில், காரை நோக்கி நடந்தே இறங்கினோம். மேகம் விலகி, எதிரே தொஃபானா சுவர் ரோஜா நிறத்துக்கு மாறியது. என்ரோசதீரா என்று இந்த மலைகளின் லாதின் மொழியில் (லத்தீன் அல்ல) அதற்குத் தனிச் சொல்லே உண்டு. நின்று பார்க்கலாம் என்று தம்பியிடம் சொல்லத் திரும்பினால், அவன் பாதையில் முன்னால் போகும் இரண்டு முதுகுகளைக் காட்டினான். காலையில் ஆமை போல ஏறியவர்கள் இப்போது ஆடு மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு எட்டி நடந்தும் கீழே வரும்வரை அவர்களைப் பிடிக்க எங்களால் முடியவில்லை.